புழு இல்லாத குட்டை

“புழுவே இல்லாத ஊர்ல கொசு எங்கேர்ந்து வரும்?”

டாக்டர் பரஞ்சோதி இதைக் கேட்டபோது காரிலிருந்து முழுதாக இறங்கியிருக்கவில்லை. ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் உள்ளே இருந்தது.

எப்சிபா வாசலில் உட்கார்ந்து ஒரு சின்ன இரும்பு உரலில் நாய் பிஸ்கட் இடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். தண்ணி குடிக்கீங்களா?”

“நான் ஒரு கேள்வி கேட்டேன்.”

“கேட்டுச்சு சார். தண்ணி குடிச்சுட்டு மறுபடி கேளுங்க.”

அங்கே நாய் எதுவும் கிடையாது. பிஸ்கட் கொசுப்புழுவுக்கு. வெள்ளைத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, இந்தப் பொடியைக் கொஞ்சம் ஈஸ்டோடு கலந்து தூவினால் புழு நன்றாக வளரும். ஆராய்ச்சிக்கென்று கொசு வளர்ப்பவர்கள் பல ஊர்களில் இப்படித்தான் வளர்க்கிறார்கள். கடைக்காரர் மட்டும் எப்சிபாவிடம் இன்றுவரை நாயின் பெயரை விசாரிக்கிறார்.

இவர்கள் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பரஞ்சோதி பேச ஆரம்பித்துவிட்டால் நமக்கு இடம் கிடைக்காது.

பரஞ்சோதிக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக மலேரியா ஒட்டுண்ணியை ஆராய்கிறவர். அது நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று கேட்டால், தன் வீட்டுக்கு வழி சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்வார். அவர் பெயரில் நூற்றுப் பதினேழு கட்டுரைகள் இருக்கின்றன. மாநாடுகளில் அவர் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

எப்சிபாவுக்கு நாற்பத்துமூன்று வயது. மேற்கு மலை அடிவாரத்தில், ஓடு வேய்ந்த இந்தக் கள நிலையத்தில், பதினைந்து வருடமாகக் கொசுக்களோடு குடியிருக்கிறார். அவர் பெயரில் இருப்பவை ஒன்பது கட்டுரைகள்.

இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு. எப்சிபாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பரஞ்சோதிதான்.

“நாலு வருஷம் குட்டை குட்டையா புழு எண்ணியிருக்கீங்க. கடைசியில என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று அன்றைக்குக் கேட்டார்.

“எண்ணக் கத்துக்கிட்டேன் சார்.”

அறையே சிரித்தது. பரஞ்சோதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், பட்டத்தையும் கொடுத்தார். அப்புறம் பல வருடங்கள் விருந்துகளில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே பெண்ணைத் தேடி இரண்டு மணி நேரம் காரில் வந்திருக்கிறார். தலை போகிற காரியமாக இல்லாவிட்டால் வரக்கூடிய ஆள் இல்லை.

*

தண்ணீர் குடித்தார். மறுபடி கேட்டார், இந்த முறை விவரமாக.

ஓடைச் சேற்றில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்திருந்தது. அதிலிருந்து ஒரு மருந்து செய்தார்கள். குட்டையில் தெளித்தால் கொசுப்புழு செத்துவிடும், மீனுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஓடை குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடக்கும் நாவலோடை என்ற ஊரில் அதைத் தெளித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் ஈச்சம்பாறை என்ற ஊரில் தெளிக்காமல் விட்டார்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

“மருந்து போட்ட மறுவாரமே பூஜ்ஜியம். பதினாறு வாரமும் பூஜ்ஜியம். ஈச்சம்பாறையில ஒரு கரண்டி தண்ணி மொண்டா பத்து, பன்னிரண்டு புழு வருது. நாவலோடையில ஒண்ணுகூட இல்லை.”

“மழை பெய்ஞ்ச வாரமும் பூஜ்ஜியமா சார்?”

“பூஜ்ஜியம்.”

“ஓடை பெருகி மருந்தை அடிச்சுட்டுப் போயிருக்குமே.”

“அதுதாம்மா என் மருந்தோட பெருமை.”

எப்சிபா இன்னும் இரண்டு பிஸ்கட்டை உரலில் போட்டார்.

“அப்ப என்ன சார் குறை?”

பரஞ்சோதியின் குரல் இறங்கியது.

“காய்ச்சல் நிக்கலை. இந்த மாசம் நாவலோடையில பதினாலு பேருக்கு மலேரியா. செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்ட்டு வந்தவங்க, அங்கேர்ந்து கொண்டுவந்ததுன்னு எழுதினேன். பதிமூணு பேர் நிஜமாவே அப்படிப் போய்ட்டு வந்தவங்கதான்.”

“பதினாலாவது?”

“எட்டு மாசக் குழந்தை. தர்ஷிகான்னு பேரு. பொறந்ததுலேர்ந்து அது ஓடையைத் தாண்டினது கிடையாது.”

உலக்கை நின்றது.

“இப்ப எப்படி இருக்கா?”

“ஆஸ்பத்திரியில இருக்கா. நேத்துதான் நல்லா கண்ணைத் திறந்து பாத்தா. பொழைச்சுக்கிட்டா.”

அந்தக் குழந்தையைப் பரஞ்சோதி இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தார். இரண்டாவது முறை வார்டுக்கு வெளியே வந்து ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை அவர் எப்சிபாவிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். மனிதரை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

“வெள்ளிக்கிழமை மலேரியா ஒழிப்புக் குழு கூடுது. பூஜ்ஜியம்னு நான் சொன்னா, அடிவாரத்துல பன்னிரண்டு ஊர்லயும் வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்கிறதை நிறுத்திடுவாங்க. எல்லாத்துக்கும் பதிலா என் மருந்து மட்டும்தான்.”

அன்று புதன்கிழமை.

“பூஜ்ஜியம் சரின்னா, அந்தக் குழந்தையைக் கடிச்ச கொசு எங்கேர்ந்து வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.”

எண்ணிக்கை எழுதிய ஃபைலை நீட்டினார். எப்சிபா அதை வாங்கினார். திறக்கவில்லை. பிஸ்கட் பொடி காற்றில் பறக்காமலிருக்க அதைத் தட்டின் மேல் மூடினார்.

“யார் சார் எண்ணினது?”

“நாவலோடையில நானே. வேற யார் கண்ணையும் நான் நம்பலை. வாராவாரம் நானே போய் மொண்டேன்.”

“ஈச்சம்பாறையில?”

“களப்பணியாளர்கள். அது சும்மா ஒப்பிடத்தானேம்மா.”

எப்சிபா எழுந்து உள்ளே போனார். நீளக் கைப்பிடி வைத்த ஒரு வெள்ளைக் கரண்டியோடு வந்தார். புழு எண்ணுகிறவர்கள் குட்டைத் தண்ணீரை இதில்தான் மொள்வார்கள். வெள்ளையில் புழு கறுப்பாகத் தெரியும்.

“பின்னால ஒரு குட்டை கிடக்கு. மருந்து எதுவும் போடாதது. பத்துக் கரண்டி மொண்டு, எத்தனைன்னு வந்து சொல்லுங்க.”

“நான் பதில் கேட்டு வந்தேன். கரண்டி கேட்டு வரலை.”

“பதில் தீர்ந்துபோச்சு சார். கரண்டிதான் இருக்கு.”

*

பரஞ்சோதி மொண்டார்.

முறை தெரிந்தவர். கண்ணுக்கு வெளிச்சம் உறுத்தாத, தண்ணீர் நன்றாகத் தெரிகிற ஓர் இடமாகப் பார்த்து நின்றார். கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல வழித்து எடுத்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் இரண்டு நிமிடம் காத்திருந்தார். எந்தப் புத்தகத்தை வைத்துப் பரிசோதித்தாலும் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்தார்.

“பூஜ்ஜியம். இதுலயும் யாரோ மருந்து போட்டிருக்காங்க.”

எப்சிபா முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு போனார். குட்டையைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய் ஒரே ஒரு கரண்டி மொண்டார். கொண்டுவந்து காட்டினார்.

ஏழு புழுக்கள் நெளிந்தன.

பரஞ்சோதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஏழுதான் இருந்தன.

“அந்தக் கரையில புல் இருக்கு. புழு புல்லோரமா ஒதுங்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.”

“சரி சார். சாப்பிட்டுட்டு அந்தக் கரையிலேயே மொள்ளுங்க.”

கருவாட்டுக் குழம்பு இருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை பரஞ்சோதி புல்லைப் பற்றியும் புழுவைப் பற்றியும் விளக்கினார். எப்சிபா குழம்பு ஊற்றினார்.

மூன்றரை மணிக்குப் புல் இருக்கிற கரைக்குப் போனார். அங்கேயும் வெயில் கண்ணில் படாத வசதியான இடம் பார்த்து நின்றார். பத்துக் கரண்டி மொண்டார்.

ஒன்றுமில்லை.

எப்சிபா காலையில் பரஞ்சோதி நின்ற, புல் இல்லாத கரைக்குப் போய் ஒரு கரண்டி மொண்டார்.

ஐந்து.

“என்னம்மா இது? புழுவுக்கு என்னைக் கண்டா ஆகாதா?”

“ஆகாதுதான் சார்.”

பரஞ்சோதி வாய்விட்டுச் சிரித்தார். எப்சிபா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பரஞ்சோதியின் சிரிப்பும் நின்றுபோனது.

“விளையாடாதீங்க எப்சிபா. எனக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்கு. தெரிஞ்சதை வாயைத் திறந்து சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?”

“நாளைக்குக் காலையில கரண்டி இல்லாம போய் குட்டைக் கரையில உக்காருங்க சார்.”

“உக்காந்து?”

“பாத்துக்கிட்டே இருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“புழு கண்ணுல படுற வரைக்கும்.”

நூற்றுப் பதினேழு கட்டுரை எழுதிய ஒருவருக்கு இப்படியும் ஒரு பதில் கிடைத்தால் என்ன செய்வார்? காரைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பார். பரஞ்சோதி சாவியைக் கையில்கூட எடுத்துவிட்டார். அப்போது ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படுக்க ஒரு பாய் கிடைக்குமா என்று கேட்டார்.

*

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போய் உட்கார்ந்தார்.

உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. மேற்குக் கரையில் ஒரு மருத மரத்தடியில் தட்டைப் பாறை. மற்ற பக்கமெல்லாம் முள்ளும் சேறும். வெயில் நேரே முகத்தில் அடித்தது. கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து அவருக்கு எதிர்வெயில் ஆகாது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் தகதகவென்று தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

கொசு ஒன்று கடித்தது. அடித்தார். மனதுக்குள் எப்சிபாவின் ஆய்வேட்டை எடுத்து வைத்து மறுபடி திருத்தினார். இந்த முறை பட்டம் கொடுக்கவில்லை.

ஏழரைக்குக் கண் பழகிவிட்டது.

தண்ணீரின் மேல் யாரோ சீரகம் தூவியது போல இருந்தது. மலேரியாக் கொசுவின் புழு மற்றக் கொசுப்புழுக்களைப் போலத் தலைகீழாகத் தொங்காது. நீர்மட்டத்தோடு ஒட்டி, படுத்தபடி கிடக்கும். அதை அவர் மாணவர்களுக்கு நூறு தடவை பாடம் நடத்தியிருக்கிறார். தட்டிலும் புட்டியிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆனால் மருதமரத்துப் பூ உதிர்ந்து மிதக்கிற தண்ணீரில், அதன் போக்கில் அது படுத்துக் கிடப்பதை அன்றுதான் பார்த்தார். நோய் பரப்பும் பூச்சியை அழகு என்று சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அவருக்கு அது அழகாக இருந்தது.

எண்ணினார். நாற்பத்திரண்டு.

சின்னப் பிள்ளை போலச் சந்தோஷம் வந்தது. எழுந்தார். கண் கூசாமல் கிட்டத்தில் பார்க்க வேண்டும். குட்டையைச் சுற்றிக்கொண்டு, முள்ளை விலக்கி, நேற்றுக் காலையில் நின்ற கிழக்குக் கரைக்குப் போனார். வெயில் முதுகுக்குப் போய்விட்டது. கண்ணுக்கு இதமாக இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

குனிந்தார்.

அவருடைய தலையின் நிழல் தண்ணீரில் விழுந்தது.

சீரகம் முழுதும் உள்ளே போய்விட்டது.

பரஞ்சோதி அசையாமல் நின்றார். மெதுவாக இரண்டடி பின்னால் போனார். நிழலும் அவரோடு பின்னால் வந்தது. சிறிது நேரம் கழித்து ஒரு புழு மேலே வந்து படுத்தது. அப்புறம் மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

முன்னால் வந்தார். போய்விட்டன.

பின்னால் போனார். வந்தன.

கையை மட்டும் நீட்டினார். கையின் நிழல் விழுந்த இடம் மட்டும் வெறுமையானது.

நான்கு முறை செய்து பார்த்தார். எதையும் நான்கு முறை செய்து பார்ப்பது அவர் வழக்கம். ஐந்தாவது முறை செய்ய மனம் வரவில்லை. சேறென்று பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்தார்.

நாவலோடையில் வண்டி நிற்பது ஓடைக்குக் கிழக்கே. பதினாறு வாரமும் காலை எட்டு மணிக்குப் போய் இறங்கி, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வசதியாக நின்று, வேறு யாரையும் கரண்டியைத் தொட விடாமல் அவரே மொண்டார். வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் கொஞ்சம் அடங்கியதும் பயம் வந்தது. நாளைக்குப் பன்னிரண்டு ஊர்.

*

எப்சிபா தட்டுகளுக்குப் பொடி தூவிக்கொண்டிருந்தார். பரஞ்சோதி வந்து நின்றார். பேண்ட் முழுக்கச் சேறு.

“உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?”

“நேத்து நீங்க முதல் கரண்டி மொள்ளும்போதே சார்.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

பரஞ்சோதி யோசித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஒரு பத்தி எழுதியிருப்பேன். ‘இந்த ஆய்வின் குறைபாடுகள்’னு. கட்டுரையோட கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல.”

“அதுக்குத்தான் சார் சொல்லலை.”

தட்டுகளில் புழுக்கள் பொடியை மேய்ந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏப்ரல்ல எனக்கு ஓய்வு. கடைசி வேலைன்னு இதைத்தான் வச்சிருந்தேன். நாளைக்குப் போய் இதைச் சொன்னா, இருபத்தாறு வருஷமா சேத்த பேரு என்னம்மா ஆகும்?”

எப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப மணி எட்டேகால். நாவலோடைக்கு ஒரு மணி நேரம். பத்து மணிக்கு மேல துணி துவைக்க ஊர்ச் சனம் வந்திரும். தண்ணி கலங்கிரும் சார்.”

பரஞ்சோதி அவரைப் பார்த்தார்.

“நீங்க வரலையா?”

“எனக்கு இருபது தட்டு கழுவக் கிடக்கு.”

கரண்டியை எடுத்துக் கொடுத்தார். ஃபைலையும் பொடி தட்டிக் கொடுத்தார்.

*

வழியெல்லாம் பரஞ்சோதி தன்னோடு பேசிக்கொண்டே கார் ஓட்டினார்.

அவரை உடனே மகானாக்கிவிட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்னென்னவோ யோசித்தார். நான் மொண்ட முறை புத்தகத்தில் இருக்கிற முறைதான் என்று யோசித்தார். நிழலைப் பற்றிக் குழுவில் யாருக்குத் தெரியும் என்று யோசித்தார். தெரிந்தவர் எப்சிபா ஒருவர்தான், ஒன்பது கட்டுரை எழுதியவர் சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள் என்றுகூட யோசித்தார். இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளப்பினார்.

நாவலோடையில் கார் வழக்கமான இடத்தில்தான் நின்றது. பரஞ்சோதி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனார்.

முகத்தில் வெயில் அடித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை இடுக்கிக்கொண்டு மொண்டார்.

முதல் கரண்டியில் ஐந்து.

இரண்டாவதில் நான்கு.

பத்துக் கரண்டியும் மொண்டு, குறிப்பேட்டில் எழுதினார். இரண்டாவது குட்டைக்கு நகர்ந்தார்.

துணி மூட்டையோடு ஒரு பெண் வந்தாள். தர்ஷிகாவின் அம்மா மாரித்தாய். குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, துணி துவைத்து எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

“என்ன சார், இன்னைக்கு இந்தப் பக்கம் நிக்கீங்க? எப்பவும் அங்கன நின்னுதான மொள்ளுவீங்க.”

பதினாறு வாரமாக இவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பரஞ்சோதி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அங்க நின்னது தப்பும்மா. பாப்பா எப்படி இருக்கா?”

“காய்ச்ச விட்டுருச்சு. காலையில பால் குடிச்சா. எங்க ஓடையில புழு இல்லன்னு சொன்னீங்களே சார், பெறவு எப்படி அவளுக்கு வந்துச்சு?”

பரஞ்சோதி ஒரு கரண்டி மொண்டு நீட்டிக் காட்டினார். மாரித்தாய் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இம்புட்டா கெடக்கு!”

“இருக்கு. நான் பாக்கலை.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மூட்டையைக் கரையில் இறக்கி வைத்தாள். ஓடைக்குள் இறங்கவில்லை.

“நீங்க எண்ணி முடிங்க சார். தண்ணி கலங்கிரும், நான் பெறவு துவைக்கேன். வாறவங்களையும் நிக்கச் சொல்லுதேன்.”

போன் அடித்தது. குழுத் தலைவர்.

“டாக்டர், நாளைக்கு எல்லாம் தயார். அறிக்கையில பூஜ்ஜியம்னு அச்சாயிடுச்சு. உங்க படத்தை முதல் பக்கத்துல போட்டிருக்கோம். ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன், எண்ணிக்கையில மாத்தம் ஒண்ணும் இல்லையே?”

பரஞ்சோதி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். வெயில் கண்ணில் குத்தியது.

“இருக்கு. பேனா எடுங்க.”

“என்ன?”

“முதல் குட்டை, பத்துக் கரண்டி, நாப்பத்தொன்பது புழு.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“விளையாடறீங்களா? பதினாறு வாரம் நீங்களே எண்ணி, நீங்களே கையெழுத்துப் போட்டது.”

“நான் எண்ணினது தப்பு. எப்படித் தப்புன்னு நாளைக்குக் கூட்டத்துல நின்னுக்கிட்டே காட்டறேன். ஒரு தட்டு, ஒரு விளக்கு, கொஞ்சம் புழு, அவ்வளவுதான் வேணும்.”

“அப்ப மருந்து வேலை செய்யலைன்னு சொல்றீங்களா?”

“பாதி வேலை செய்யுது போலத் தெரியுது. மிச்சப் பாதிதான் குழந்தையைக் கடிச்சுது.”

“டாக்டர், உங்க பேரு…”

“சுவருக்கு மருந்தடிக்கிறதை ஒரு ஊர்லயும் நிறுத்த வேண்டாம். முதல்ல அதை எழுதிக்கோங்க. எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன். ஆனா நான் என்ன சொல்ல வரேன்னா…”

“லைன்லயே இருங்க. ரெண்டாவது குட்டை.”

கரண்டியைத் தண்ணீரில் சாய்த்தார்.

“எட்டு.”